விளக்கமறியல் தண்டனை அல்ல, தங்கச்சி

உங்கள் அண்ணனுக்கு 14 நாள் விளக்கமறியல் என்றதும் 'திருடன் சிக்கினான்' என்று செய்தி போட்டார்கள், அதைப் படித்துவிட்டு லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாரும் உங்களோடு பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே மனம் கனத்தது.

அந்தச் செய்தியை மறுபடி எடுத்து, ஒவ்வொரு வரியையும் யார் சொன்னது என்று பாருங்கள். முழுக்க 'பொலிஸார் தெரிவித்தனர்' தானா? அண்ணனின் சட்டத்தரணி நீதவானிடம் சொன்னது ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லையென்றால் அது பாதிக்கதை. தலைப்பில் 'திருடன்', உள்ளே 'சந்தேகநபர்' என்று இருந்தால், தலைப்புத்தான் தவறு. விளக்கமறியல் என்பது விசாரணைக்காக நீதிமன்ற உத்தரவில் தடுத்து வைப்பது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் நிரபராதி என்று இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 13(5) உறுப்புரையே சொல்கிறது. லயத்தில் கேட்பவர்களுக்கு அதைக் காட்டுங்கள். அப்புறம், அடுத்த நீதிமன்றத் தவணையில் பிணை கிடைத்தால் அதே பேப்பர் அதையும் போடுகிறதா என்று கவனியுங்கள்.