டெல்லி பால்கனிக்கு மாசிப் பட்டம்

“டிசம்பரில் திருநெல்வேலியிலிருந்து மயூர் விஹாருக்குக் குடிவந்தோம். மூன்றாம் மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. ஊரிலிருந்து கொண்டுவந்த கறிவேப்பிலை இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கிறது, தூக்கிப் போட்டுவிடலாமா? பிப்ரவரியில் என்ன நடலாம்? ஹோலிக்கு அக்கம்பக்கத்துக்குக் கையால் செய்ததாக என்ன கொடுக்கலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கறிவேப்பிலையைத் தூக்கிப் போடாதீர்கள். ராத்திரி 5, 6 டிகிரிக்கு இறங்கும் ஜனவரியில் அது இலையை உதிர்த்துவிட்டு அப்படியே ஒடுங்கி நிற்கும். தண்டைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இரண்டு அங்குலம் கீழே இறங்கி மறுபடி சுரண்டிப் பாருங்கள். இந்தச் செடியைக் குளிர் கொல்வதைவிட, வாடிவிட்டதே என்று தினமும் ஊற்றுகிற தண்ணீர்தான் அதிகம் கொல்கிறது. இலை இல்லாத செடி தண்ணீர் இழுக்காது, வேர் அழுகிவிடும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, இரண்டு அங்குலம் வரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். பிப்ரவரி கடைசியில் கணுக்களில் கடுகளவு தளிர் தெரியும். நுனி கிள்ளுவதும் உரம் வைப்பதும் அதற்குப் பிறகுதான்.

ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதைப்போம். இங்கே பால்கனிக்காரர்கள் தேட வேண்டியது மாசிப் பட்டம். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரத்துக்குள் விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். அதற்கு முன்னால் போட்டால் மண் குளிர்ந்து கிடக்கும். வெண்டை, சுரை விதை முளைக்காமல் அழுகும். தள்ளிப் போட்டால் வேர் இறங்குவதற்குள் ஏப்ரல் வெயில் பிடித்துக்கொள்ளும். இடைப்பட்ட இந்த மூன்று வாரம்தான் கணக்கு.

மண் விஷயத்தில் கவனமாக இருங்கள். யமுனைப் படுகை வண்டல் தொட்டியில் இறுகிவிடும். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மட்கிய சாண எரு, ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள் என்று கலந்தால் தண்ணீர் ஒழுங்காக இறங்கும். எருவை மோந்து பாருங்கள், சாண வாடை அடித்தால் அது இன்னும் மட்கவில்லை, வேரைச் சுட்டுவிடும். தெருவில் தள்ளுவண்டியில் வரும் செடிகளின் வேரைச் சுற்றிப் பெரும்பாலும் களிமண் உருண்டை இருக்கும். அப்படியே புதைத்தால் மே மாதம் அது செங்கல்லாகிவிடும், ஊற்றும் தண்ணீர் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, வெளிக்களியைக் கையால் கரைத்துவிட்டு நடுங்கள்.

கிழக்கு பால்கனியில் பதினொரு மணிவரைதான் வெயில். வெண்டை கொஞ்சம் குறைவாகக் காய்க்கும், ஆனாலும் காய்க்கும். விதையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, 12 அங்குலத் தொட்டிக்கு இரண்டு செடி வீதம் கம்பி ஓரமாக வையுங்கள். பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் நடக்கும் கிருஷி மேளாவில் நல்ல விதை கிடைக்கும்.

சுரைக்கு 18 அங்குலத்துக்குக் குறையாத பை வேண்டும். எல்லோரும் ஏமாறுவது இதில்தான். பிஞ்சு விரலளவு வந்து மஞ்சளாகி உதிரும், உரம் போதவில்லை என்று மேலும் மேலும் கொட்டுவார்கள். குறை உரத்தில் இல்லை. சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும், மூன்றாம் மாடிக்கு அந்நேரம் பூச்சி வருவது அரிது. ஏழு மணிவாக்கில் டார்ச்சோடு போங்கள். காம்பு மட்டும் நீண்டிருப்பது ஆண் பூ. இதழுக்குக் கீழே குட்டிச் சுரைக்காய் மாதிரி, மென்ரோமத்தோடு பிஞ்சு ஒட்டியிருப்பது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து, வெள்ளை இதழைப் பிய்த்துவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். நான்கைந்து நாளில் பிஞ்சு பருத்து, காம்பு கீழ்நோக்கி வளைந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

மல்லிக்கும் இதுவே தருணம். இங்கே மோக்ரா என்று கேட்டு வாங்குங்கள். பிப்ரவரி முதல் பாதியில் முக்கால் அடி விட்டு மேலே வெட்டி, மிச்ச இலையையும் உருவிவிட்டு, இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டால் ஏப்ரலில் மொட்டு வரும். வெட்டத் தயங்கினால் கொடியும் இலையுமாகத்தான் மண்டும்.

ஏப்ரல் நடுவில் வெயிலுக்கு மறைப்பாகப் பச்சை நிழல்வலை கட்டிவிடுங்கள். மே, ஜூனில் காலை ஏழு மணிக்குள் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். மத்தியானம் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் குழாயில் வெந்நீராக வரும்.

ஹோலிக்கு வருவோம். பக்கத்து வீட்டிலிருந்து குஜியா (நம்மூர் சோமாசி மாதிரி இனிப்பு) வரும், அந்த டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்க மனசு வராது. இட்லிப் பொடி கொடுங்கள். உளுந்து ஒரு கப், கடலைப்பருப்பு அரை கப், மிளகாய் வற்றல் பத்து, எள் இரண்டு மேசைக்கரண்டி, பெருங்காயம் அரை டீஸ்பூன், கல்லுப்பு ஒன்றரை டீஸ்பூன். எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு அரைத்தால் மூடியில் வியர்த்துக் கட்டி தட்டும். எள்ளைக் கடைசியில் போட்டு இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள், அதிகம் சுற்றினால் எண்ணெய் விட்டு விழுதாகும். நல்லெண்ணெயோ நெய்யோ விட்டுக் குழைக்க வேண்டும், பராத்தாவுக்கும் தொட்டுக்கொள்ளலாம் என்று இந்தியில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் வெறும் பொடியைச் சாப்பிட்டுப் பார்த்து ஒதுக்கிவிடுவார்கள்.

கூடவே ஒரு குல்லடில் (இங்கே டீ குடிக்கும் சுட்ட மண் கோப்பை) புதினா. ஹோலிக்கு நான்கு வாரம் முன்பே தொடங்க வேண்டும். காய்கறிக்காரர் கொசுறாகத் தரும் கட்டிலிருந்து தடித்த தண்டுகளை நாலு அங்குலத்துக்கு நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்துங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றினால் பத்து நாளில் ஓர் அங்குலம் வேர் விடும். குல்லடைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்த பிறகு, ஆணியைத் திருகித் திருகி அடியில் துளை போடுங்கள். காய்ந்த குல்லடில் சுத்தியலால் தட்டினால் இரண்டாகப் பிளக்கும். ஒன்றுக்கு மூன்று தண்டு. கொடுக்கும்போது, பெரிய தொட்டிக்கு ஒரு மாதத்துக்குள் மாற்றும்படியும் மத்தியான வெயில் படாமல் வைக்கும்படியும் சொல்லிவிடுங்கள்.