முதலில் யோசனையா, பொருளா? பட்டர்வொர்த் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 22. மலேசியாவில், பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி வீடு. காணொளிகளைப் பார்த்துத்தான் சிற்பம் கற்றுக்கொள்கிறேன். களிமண்ணில் செய்த முகம் வெடித்துவிட்டது. கையைப் பிளாஸ்டரில் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) முக்கி எடுத்த அச்சில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. சிமெண்டில் செய்த பறவைக்குக் கழுத்து நிற்கவில்லை. பாட்டி முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர் (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை), அவரைப் பற்றி ஏதாவது செய்ய ஆசை, என்னவென்றுதான் பிடிபடவில்லை. யோசனை முதலில் வர வேண்டுமா, பொருளா? ஒரே பொருளோடு நின்றுவிடட்டுமா?

பதில்:

தம்பி, முதலில் ஒரு திட்டு. உயிருள்ள கையைப் பிளாஸ்டருக்குள் இனி முக்காதீர்கள். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், கனமாக ஊற்றினால் 60 டிகிரி வரைகூடப் போகும், அந்த நேரம் கையை வெளியே இழுக்கவும் முடியாது. கை அச்சுதான் வேண்டுமென்றால் பல் மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் ஆல்ஜினேட் இருக்கிறது, அதில் முக்குங்கள், பிறகு அந்தக் குழிக்குள் பிளாஸ்டரை ஊற்றுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தோல்வி எதிலும் கை வராத குறை எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் வடிவமும் புதிது, பொருளும் புதிது, அதனால் உடைந்தபோது தப்பு எதில் என்று உங்களுக்கே தெரியாமல் போய்விட்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், பொருளை மட்டும் மாற்றுங்கள். அந்த வடிவமும் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: பாட்டி மரத்தில் கட்டிய பால் கோப்பை. உள்ளங்கைக்குள் அடங்கும், வாய் அகலம், அடி குறுகல். முதல் அச்சுக்கு இதைவிட லேசான வடிவம் கிடைக்காது, ஏனென்றால் எங்கேயும் மாட்டிக்கொள்ளாமல் கழன்று வந்துவிடும்.

களிமண்ணில் தொடங்குங்கள். முகம் வெடித்ததற்குக் காரணம் பெரும்பாலும் மின்விசிறிதான். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், உள்ளே இருக்கும் தண்ணீர் மெதுவாகத்தான் வெளியே வரும், நீங்கள் மேல்பரப்பை மட்டும் காற்றடித்து உலர்த்தினால் மேல்தோல் சுருங்கும், உள்ளே இருப்பது சுருங்காது, பிளந்துவிடும். பிளாஸ்டிக் பையைத் தளர்வாகப் போர்த்தி ஒரு வாரமாவது விடுங்கள். உள்ளே கம்பி வைத்துக் கட்டியிருந்தால் எப்படி உலர்த்தினாலும் வெடிக்கும், கம்பி சுருங்காதே. அப்புறம் அதே மண்ணில் ஒரு பட்டை செய்து அதன்மேல் சரியாக 10 செ.மீ. கோடு கீறி வையுங்கள். காய்ந்தபின் அளந்தால் 9.4 என்று வருகிறதா, உங்கள் மண் 6 விழுக்காடு சுருங்குகிறது. மண்ணுக்கு மண் இது மாறும், அதனால் என் கணக்கை நம்பாமல் உங்கள் பட்டையை நம்புங்கள்.

அச்செடுக்கக் கோப்பையைக் காயவிட வேண்டியதில்லை. ஈர மண்ணிலேயே கோப்பை வடிவக் கட்டியைச் செய்து பலகையில் கவிழ்த்து, சுற்றி வேலி கட்டி, பிளாஸ்டரை மேலே ஊற்றுங்கள். கலக்கும்போது தண்ணீரை முதலில் எடுத்து, பிளாஸ்டர் மாவை மேலே தூவிக்கொண்டே வாருங்கள், சின்னச் சின்னத் தீவுகள் போல மேலே நின்றதும் நிறுத்துங்கள். எடைக்கணக்கு வேண்டுமானால் 10 பங்கு மாவுக்கு 7 பங்கு தண்ணீர். மீந்ததைத் தொட்டியில் கழுவிவிட்டால் குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும், தண்ணீருக்கடியிலும் இறுகும் சாமான் அது (உங்கள் அம்மாவுக்காகவும் இதைச் சொல்கிறேன்). இறுகியதும் திருப்பி, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட்டால் கோப்பை வடிவக் குழி கிடைக்கும், அதுதான் உங்கள் அச்சு. ஆனால் இறுகியது என்றால் உலர்ந்தது என்று அர்த்தமில்லை. அரை மணியில் இறுகும், உலர ஒரு வாரத்துக்கு மேலேகூட ஆகும். உங்களுக்குப் பூஞ்சணம் வந்த இடம் இதுதான். மண்ணுக்கு வேண்டாம் என்ற அந்த மின்விசிறியை இதற்குப் போடுங்கள், அடியிலும் காற்றுப் போக இரண்டு குச்சிமேல் தூக்கி வையுங்கள்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். நன்றாக உலர்ந்த அந்தக் குழிக்குள் ரப்பர் பாலை விளிம்புவரை ஊற்றுங்கள். அச்செடுக்கும் சாமான் விற்கும் கடையில் லேட்டக்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள், உறையாமலிருக்க அமோனியா சேர்த்திருக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். குழிக்குள் எண்ணெயோ சோப்போ தடவக் கூடாது, பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சினால்தான் ஓரத்தில் தோல் பிடிக்கும். கொஞ்ச நேரம் கழித்து மீதியைத் திருப்பி ஊற்றிவிடுங்கள். எவ்வளவு நேரம் விட்டீர்களோ அவ்வளவு தடிப்பு. காய்ந்ததும் உள்ளே டால்கம் பவுடர் போட்டு உரித்தெடுங்கள்.

கையில் என்ன இருக்கும்? பாலைப் பிடித்த கோப்பை, பாலாலேயே செய்தது, தானாக நிற்க முடியாமல் ஒரு பக்கம் சாயும். யோசனை முதலிலா பொருள் முதலிலா என்று கேட்டீர்களே, இதை மேசைமேல் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். பாட்டியிடமும் கொடுங்கள். மழை வந்த நாளில் பால் என்ன ஆகும், ஒட்டுப்பாலை (மரத்திலும் கோப்பையிலும் ஒட்டி உறைந்த பாலை) என்ன செய்வார்கள் என்று அவர் பேச ஆரம்பித்தால் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் அடுத்த ஐந்து சிற்பமும் அதில்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

ஒன்று மட்டும்: ரப்பர் நிலைக்காது. வெயிலும் காற்றும் பட்டால் முதலில் பிசுபிசுக்கும், பிறகு நொறுங்கும். செம்புக் கம்பி பக்கத்திலேயே வரக் கூடாது, இன்னும் சீக்கிரம் கெடும். ஈவா ஹெஸ் என்ற சிற்பி 1960களின் கடைசியில் துணியில் ரப்பர் பாலைப் பூசிப் பெரிய வேலைகள் செய்தார், 1970இல் 34 வயதில் இறந்துவிட்டார். அவற்றில் பல இன்று கறுத்து, தொட்டாலே உடையும் நிலையில் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அதனால் ரப்பரை விடு என்று சொல்ல மாட்டேன். விற்கும்போது வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

நான்காவதாகச் சிமெண்ட். அந்த ரப்பர் தோலை மறுபடி பிளாஸ்டர் குழிக்குள்ளேயே வைத்து உள்ளே கலவையை நிரப்பலாம், 1 பங்கு சிமெண்ட், 2 பங்கு மணல். ஈரத்துணி போர்த்தி வையுங்கள், முழுப் பலம் வர 28 நாள் கணக்கு. கையுறை கட்டாயம், ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும். பறவையின் கழுத்து உள்ளே கம்பி இல்லாததால் விழுந்தது. பத்துமலை முருகன் 42.7 மீட்டர் உயரத்தில் நிற்பதும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பால்தான். ஆனால் பட்டர்வொர்த் ஆள் என்பதால் சொல்கிறேன், கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள், உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு பருத்து உள்ளிருந்தே சிலையைப் பிளக்கும். பக்கத்தில் எந்தக் கோவிலிலாவது கும்பாபிஷேகத் திருப்பணி நடந்தால் போய் நின்று பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் சிற்பிகள் கம்பி கட்டி, சாந்தால் உருவம் செய்யும் சுதை வேலையை அரை நாள் பார்ப்பது பத்துக் காணொளிக்குச் சமம், ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தால் கலவைக் கணக்கும் சொல்வார்கள்.

ஒரே பொருளோடு நிற்பதா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். வங்காளத்துச் சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் என்ற சிற்பி 1938இல் ஒரு சந்தால் பழங்குடிக் குடும்பத்தைப் பெரிய சிலையாகச் செய்தபோது பளிங்கையோ வெண்கலத்தையோ தேடவில்லை, அந்த ஊர்ச் செம்மண் சரளையைச் சிமெண்டில் கலந்தே செய்தார். உங்கள் ஊர்ச் சரளை எது என்று இந்த மூன்று மாதத்தில் கை சொல்லும்.

ஒவ்வொரு கோப்பையின் அடியிலும் ஆணியால் தேதியும் கலவையும் கீறி வையுங்கள், ரப்பரில் பேனாவால் எழுதலாம். அடுத்த தடவை படம் அனுப்பும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள், போன தடவை அந்தப் பறவை கோழியளவா குருவியளவா என்றே எனக்குப் புரியவில்லை.