அடிபம்புத் தண்ணீரில் ஆர்சனிக், ரத்தத்தில் சுகர்: கேள்வி பதில்

கேள்வி: கொல்கத்தாவில் வேலை பார்க்கிறேன் டாக்டர். மாமனார் ஊர் நாதியா மாவட்டம். ஒல்லியான மனிதர், வம்சத்தில் யாருக்கும் சுகர் கிடையாது. 48 வயதில் அவருக்கு வந்துவிட்டது. அடிபம்புத் தண்ணீர் காரணமா?

பதில்: இருக்கலாம். ஆனால் தனி ஒருவருக்கு இதனால்தான் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நாதியா, முர்ஷிதாபாத், மால்டா பக்கம் நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் இருப்பது தெரிந்ததே. தைவானின் தென்மேற்குக் கடலோரக் கிராமங்களில் இப்படிப்பட்ட கிணற்று நீரைக் குடித்தவர்களிடம் சர்க்கரை நோய் சுமார் இரண்டு மடங்கு இருந்ததை 1994ல் வெளியான ஆய்வு காட்டியது. லிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டும் இடங்களில் ஆதாரம் வலுவாக இருக்கிறது. குறைந்த அளவில் அவ்வளவு தெளிவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 10தான். சுகர் மாத்திரையை மட்டும் அவர் நிறுத்தவே கூடாது.

கேள்வி: உடம்புக்குள் போய் ஆர்சனிக் என்ன செய்கிறது? (நர்சிங் மாணவி)

பதில்: நல்ல கேள்வி அம்மா. சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கும். தசை செல்கள் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் பார்த்தால், ஆர்சனிக் இரண்டு இடத்திலும் கை வைக்கிறது. சர்க்கரையை உள்ளே விடும் 'குளுட்4' என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வருவதைத் தடுக்கிறது. பீட்டா செல்களின் சுரப்பையும் குறைக்கிறது. மனிதர்களில் எது முக்கியம்? மெக்சிகோவில் சிமாப்பான், லகுனேரா பகுதி மக்களைப் பார்த்த 2011 ஆய்வில் நீரிழிவு கூடியிருந்தது, இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் இருந்தும் செல்கள் அதற்குச் சரியாகப் பணியாத நிலை) கூடவில்லை. அதனால் கணையம் தளர்வதே முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன். இன்சுலின் எதிர்ப்புதான் பெரும்பாலும் தொந்தியோடு சேர்ந்து வரும்; தொந்தி இல்லாதவர்களையும் கவனிக்கச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமா?

பதில்: போதாது. கிருமி சாகும், ஆர்சனிக் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு ஏறத்தான் செய்யும்.

கேள்வி: அரிசியிலும் இருக்கிறதாமே? பயமாக இருக்கிறது.

பதில்: நெல் மற்ற தானியங்களைவிட அதிகமாக உறிஞ்சும், உண்மைதான். ஆனால் நம் வீட்டுப் பழக்கமே இங்கே கைகொடுக்கிறது: சுத்தமான தண்ணீர் நிறைய வைத்து வேகவைத்து, கஞ்சியை வடித்துவிடுங்கள். கணிசமான பகுதி அதோடு போய்விடும். ஆர்சனிக் கலந்த தண்ணீரிலேயே உலை வைத்தால் பயனில்லை, சோறு அதை இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: சிறுநீர்ச் சோதனையில் ஆர்சனிக் அதிகம் என்று வந்தது. முந்தின நாள் மீன் குழம்பு சாப்பிட்டேன்.

பதில்: கடல் மீனில் இருப்பது பெரும்பாலும் வேறு வகை, கெடுதல் இல்லாதது. மூன்று நான்கு நாள் மீன், இறால் தவிர்த்துவிட்டு மறுபடி பாருங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பம்பு நல்லது என்று சோதித்திருக்கிறார்கள். எங்களுடையதும் சரியாகத்தானே இருக்கும்?

பதில்: அப்படி நம்பிவிடாதீர்கள். ஆழமும் மண்ணடுக்கும் மாறினால் பத்தடி தள்ளியே அளவு மாறும். உங்கள் பம்புத் தண்ணீரைத் தனியாகச் சோதிக்கக் கொடுங்கள், முடிவு வரும்வரை பக்கத்து வீட்டிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.