பொட்டு ஒட்டி, பெட்டி மேல ஏத்தி...
வாசகர் கேள்விகளுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் பிசியோவின் பதில்கள்

கேள்வி: வணக்கம் சார். ஸ்கூல்ல பி.டி. டீச்சரா இருக்கேன், பொண்ணுங்க வாலிபால் டீமும் என் பொறுப்புதான். போன வருஷம் ரெண்டு பசங்களுக்கு ஏசிஎல் லிகமென்ட் (முட்டிக்குள்ள எலும்புங்களை இழுத்துப் புடிக்கிற நார்) கிழிஞ்சிடுச்சு, ரெண்டுமே யாரும் இடிக்காம, பிளாக் பண்ணிட்டு இறங்கும்போது. உடம்புல புள்ளி ஒட்டி கேமரா வெச்சு காலை டெஸ்ட் பண்றாங்களாமே, அதை என் போன்லயே பண்ண முடியுமா?
– ஒட்டன்சத்திரம் வாசகி

பதில்: பாதி முடியும் டீச்சர். லேப்ல என்ன நடக்குதுன்னு மொதல்ல சொல்லிடுறேன். சுத்தி எட்டு பத்து இன்ஃப்ராரெட் கேமரா, உடம்புல கோலிகுண்டு சைஸ்ல ஒளியைத் திருப்பி அடிக்கிற உருண்டைங்க, இடுப்பெலும்பு, முட்டி, கணுக்கால்னு எலும்பு கைக்குத் தட்டுப்படுற இடமா பாத்து ஒட்டுவாங்க. ரெண்டு மூணு கேமரா ஒரே உருண்டையப் பாத்தா அது எங்க இருக்குன்னு கம்ப்யூட்டர் கணக்கு போட்டுடும், தரையில புதைச்ச போர்ஸ் பிளேட் எவ்ளோ பலமா மிதிச்சாங்கன்னு சொல்லும். சென்னை போரூர்ல ஸ்ரீ ராமச்சந்திராவுல இந்த மாதிரி லேப் இருக்கு, பவுலருங்க முழங்கை 15 டிகிரிக்கு மேல நிமிருதான்னு பாக்க ஐசிசி அங்கீகாரம் குடுத்த இடம் அது.

உங்களுக்கு அவ்ளோ வேணாம். 30 சென்டிமீட்டர் உயரத்துல ஆடாத ஒரு மரப்பெட்டி, செகண்டுக்கு 240 பிரேம் எடுக்குற ஸ்லோ மோஷன் இருக்குற ஒரு போன், ஒரு ஸ்டாண்டு, ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு. ஆமா, நெத்தியில வெக்கிற பொட்டுதான், பெருசா அடர் கலர்ல வாங்குங்க. இடுப்புல முன்பக்கம் துருத்திக்கிட்டு இருக்குமே அந்த எலும்பு, முட்டிச்சில்லு நடு, கணுக்கால் நடு, ஒரு காலுக்கு மூணு பொட்டு. வேர்வைய நல்லா தொடச்சிட்டு ஒட்டுங்க, இல்லன்னா மூணாவது குதியில பொட்டு பறந்துடும், ஒரு தடவை என் சட்டையிலயே வந்து ஒட்டிக்கிச்சு.

போனை முட்டி உயரத்துல, மூணு நாலு மீட்டர் தள்ளி, நேரா முன்னாடி வைங்க. கையில புடிச்சு எடுக்காதீங்க. மேல ஒரு பந்தைக் கட்டித் தொங்கவிடுங்க, பெட்டியில இருந்து ரெண்டு காலும் சேர்ந்து இறங்கி, இறங்கின வேகத்துலயே எம்பி அதைத் தொடணும். பந்து இருந்தாதான் நெஜமா குதிப்பாங்க, இல்லன்னா போட்டோவுக்கு நிக்கிற மாதிரி பதவிசா இறங்குவாங்க. "முட்டி உள்ள போகக்கூடாது"ன்னு முன்னாடியே சொல்லிடாதீங்க, சொன்னா அந்த ஒரு நாளைக்கு மட்டும் எல்லாரும் கரெக்டா குதிப்பாங்க. மூணு தடவை எடுங்க, முட்டி அதிகமா மடங்குற பிரேம்ல நிறுத்தி மூணு பொட்டையும் கோடு போட்டு பாருங்க, கோடு நேரா இருக்கா, முட்டிகிட்ட உள்பக்கமா ஒடியுதா. ஒடிஞ்சா, இறங்கும்போது முட்டி உள்ள சாயுதுன்னு அர்த்தம்.

240 ஏன் கேக்குறேன்னா, நார்வேக்காரங்க மேட்ச்ல நெஜமாவே லிகமென்ட் கிழிஞ்ச டிவி வீடியோவை எடுத்து, பல கேமரா கோணத்துலயும் கம்ப்யூட்டர் எலும்புக்கூடை படத்து மேல பொருத்திப் பாத்தாங்க. கால் தரையத் தொட்டு சுமார் 40 மில்லிசெகண்டுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கு. சாதா வீடியோ செகண்டுக்கு 30 பிரேம், அந்த நேரத்துக்குள்ள ஒரு படம், மிஞ்சிப்போனா ரெண்டுதான் விழும். 240ல ஒம்போது பத்து படம் கெடைக்கும். ஆனா டியூப்லைட் போட்ட ஹால்ல எடுத்தா நம்மூரு கரண்டுக்கு படம் மினுக்கி மினுக்கி வரும், காலையில கிரவுண்டுலயே எடுத்துடுங்க.

கேள்வி: பொண்ணு புட்பால் ஆடுறா, 14 வயசு. அவ போற அகாடமியில கேமரா டெஸ்ட் பண்ணி முட்டி உள்ள சாயுற கோணம் 14 டிகிரி, சிவப்புன்னு கலர் ரிப்போர்ட் குடுத்துட்டாங்க. கண்டிப்பா லிகமென்ட் போகும், மூணு மாச பேக்கேஜ் சேருங்கன்னு சொல்றாங்க. அன்னியில இருந்து பால் கிட்ட போகவே பயப்படுறா. என்ன பண்றது?
– ஒரு அம்மா, திருச்சி

பதில்: அம்மா, மொதல்ல அந்த ரிப்போர்ட்டை மடிச்சு பீரோவுல வைங்க. 2005ல அமெரிக்காவுல 205 வீராங்கனைங்களை இதே பெட்டி டெஸ்ட் பண்ணி வெச்சுட்டு அப்புறம் கவனிச்சாங்க, அதுல 9 பேருக்கு ஏசிஎல் கிழிஞ்சுது, அவங்களுக்கு முட்டி சராசரியா 8 டிகிரி அதிகமா உள்ள சாஞ்சிருந்துச்சு. இந்த சிவப்பு மஞ்சள் பச்சை வியாபாரத்துக்கெல்லாம் விதை போட்டது பெரும்பாலும் அதுதான். அப்புறம் நார்வேல 700க்கும் மேல டாப் லெவல் ஹேண்ட்பால், புட்பால் பொண்ணுங்கள வெச்சுப் பாத்தாங்க, 2016ல வந்துச்சு. கிழிஞ்சவங்க நம்பரும் கிழியாதவங்க நம்பரும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கெடந்துச்சு, இந்த டெஸ்டை வெச்சு இன்னாருக்குத்தான் கிழியும்னு பிரிக்கவே முடியலை. அப்புறம் எப்படிங்க "கண்டிப்பா"ன்னு சொல்றாங்க? எனக்கு இதுல கோவமே வருது, 14 வயசுப் பொண்ணு மனசுல பயத்தை ஏத்தி பில் போடுறது.

கோணத்துலயும் ஒரு சங்கதி இருக்கு. கேமரா பாக்குறது எலும்பை இல்ல, தோலை. குதிச்சு இறங்கும்போது தொடைச் சதை எப்படி குலுங்குதுன்னு ஸ்லோ மோஷன்ல பாத்தா தெரியும், ஒட்டினது சென்டிமீட்டர் கணக்குல எலும்பு மேல நழுவும். ஸ்வீடன்ல வாலன்டியருங்க எலும்புலயே ஸ்டீல் ஊசியை எறக்கி, ஊசி காட்டுற கோணத்தையும் தோல் காட்டுற கோணத்தையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க (நெனச்சாலே எனக்கு முட்டி வலிக்குது). முட்டி முன்ன பின்ன மடங்குறது ஓரளவு ஒத்துப்போச்சு, உள்ள வெளிய சாயுறதுல தப்பே அசைவு அளவுக்கு இருந்துச்சு. முட்டி மடங்கியிருக்கும்போது தொடை கொஞ்சம் உள்பக்கம் திரும்பினாலே ஒத்த கேமராவுல முட்டி உள்ள போன மாதிரி தெரியும். அதனால 14ங்கற நம்பரை புடிச்சிட்டு அழாதீங்க.

பயிற்சி வேணாம்னு சொல்லலை, சாயுதோ இல்லையோ அது எல்லாருக்கும் வேணும். ஃபிபாவோட லெவன் பிளஸ் வார்ம்-அப் சுமார் 20 நிமிஷம், இலவசம், ஒழுங்கா பண்ற டீமுங்கள்ல காயம் கொறையுதுன்னு நல்ல ஆதாரம் இருக்கு. பேக்கேஜ் காசுக்கு நல்ல ஷூ வாங்கிக் குடுங்க.

கேள்வி: அண்ணா, கபடி ஆடுறேன், ஏசிஎல் ஆபரேஷன் பண்ணி ஏழு மாசம் ஆச்சு. ஒத்தக்கால்ல தாண்டுற டெஸ்ட்ல ரெண்டு காலும் கிட்டத்தட்ட ஒரே தூரம். களத்துல எறங்கலாமா?
– தம்பி ஒருத்தர், மன்னார்குடி

பதில்: தம்பி, கேமராவுக்கு நெஜமான வேலையே உன் கேஸ்லதான். டேப் வெச்சு தூரம் அளந்தா எப்படி தாண்டுனேன்னு தெரியாது. கத்தார் தோஹாவுல ஆஸ்பெட்டர்னு ஒரு ஸ்போர்ட்ஸ் ஆஸ்பத்திரி, அங்க உன்ன மாதிரி ஆளுங்களை மோஷன் கேப்சர்ல, அதாவது மேல சொன்ன உருண்டை ஒட்டுற கேமரா லேப்ல, போட்டுப் பாத்தாங்க. தூரம் 97 சதவீதம் சமம், ஆனா எம்பும்போது ஆபரேஷன் பண்ண முட்டி செய்யுற வேலை ரொம்ப கம்மி, இடுப்பும் கணுக்காலும் சேர்ந்து அதோட பங்கை இழுத்துக்கிட்டு போகுது. முட்டி சும்மா கூட வருது, அவ்ளோதான்.

முட்டி செய்யுற வேலையை போன் கணக்கு போடாது, அதுக்கு போர்ஸ் பிளேட் வேணும். ஆனா ஒரு குறிப்பு கெடைக்கும். பக்கவாட்டுல போனை வெச்சு, ஒத்தக்கால்ல நேரா மேல எம்பி இறங்குறத ரெண்டு காலுக்கும் எடு. முன்னாடி தாண்டுறத விட நேரா மேல எம்புறதுலதான் முட்டி ஏமாத்துறது கொஞ்சம் வெளிய தெரியும். ஆபரேஷன் பண்ண கால்ல உயரம் கம்மியா, முட்டி மடக்காம உடம்பை முன்னாடி சாச்சு இறங்குறியான்னு பாரு, அதை உன் பிசியோகிட்ட காட்டு. நாள் கணக்கும் இருக்கு, நார்வே ஆய்வுல 9 மாசம் வரைக்கும் ஒவ்வொரு மாசம் தள்ளிப்போட தள்ளிப்போட மறுபடி அடிபடுறது பாதி பாதியா கொறைஞ்சுது. ஏழுல எறங்காத.

கேள்வி: பிசியோதெரபி கடைசி வருஷம் படிக்கிறேன். புள்ளியே ஒட்டாம பண்ற சாப்ட்வேர் எல்லாம் நம்பலாமா சார்?
– மாணவர், கோவை

பதில்: ஸ்டான்போர்டுல இருந்து வந்த ஓப்பன்கேப்பை எடுத்துப் பாருங்க, 2023ல கட்டுரை போட்டாங்க, ரெண்டு ஐபோன் இருந்தா போதும், ஆராய்ச்சிக்கு இலவசம். முட்டி மடங்குற கோணத்துக்கு சில டிகிரி முன்ன பின்ன, ஆனா உபயோகமா இருக்கும். உள்பக்க சாய்வுக்கு அதை நம்பி தீசிஸ் எழுதாதீங்க. எதுல எடுத்தாலும் ஒரே ஆளு, ஒரே ஷூ, பிராக்டிசுக்கு முன்னாடி, அதே தூரம். போன மாசத்தை விட 2 டிகிரி கொறஞ்சிருக்குன்னா அது முன்னேற்றம் இல்ல, மறுநாள் எடுத்தாலே அவ்ளோ மாறும்.

கேள்வி: தொளதொள டிராக் பேன்ட்டோட எடுக்கலாமா? வீடியோ எடுக்க வீட்ல தயங்குறாங்க.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பொட்டு ஒட்டணும்னா முட்டி தெரியணும், வேற வழியில்ல, இல்லன்னா உடம்போட ஒட்டின டைட்ஸ் போட்டு அது மேலயே ஒட்டலாம். வீட்ல தயங்குறது நியாயம்தான். இடுப்புக்குக் கீழ மட்டும் பிரேம்ல வர்ற மாதிரி வெக்கச் சொல்லுங்க, முகம் வேண்டவே வேண்டாம். உங்க போன்லயே எடுக்கச் சொல்லுங்க, கோணத்தை எழுதிக்கிட்டதும் நீங்களே அழிச்சிடலாம்.