திருநெல்வேலிச் சீமையில் ஆறும் குளமும் கெடாமல் விவசாய வருமானத்தைப் பெருக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் ஆற்றுப் பாசனம், குளத்துப் பாசனம், கிணற்றுப் பாசனம் மூன்றுக்கும் ஒரே திட்டத்தைப் போட்டால் காரியம் நடக்காது. அம்பாசமுத்திரத்து வயலுக்குச் சரிப்படுவது ராதாபுரத்துத் தோட்டத்துக்குச் சரிப்படாது.

தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். தலைமடையில் தண்ணீர் தேங்கிக் கிடக்க, கடைமடைக்காரர் முறைக்குக் காத்திருப்பார். நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் நிற்கத் தேவையே இல்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் 30 சதவீதம் வரை தண்ணீர் மிஞ்சும். தேங்கிய நீரில் உண்டாகி, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் ஏறத்தாழப் பாதியாகும். முறையாகச் செய்தால் விளைச்சல் குறையாது.

எப்போது பாய்ச்சுவது என்று பார்க்க 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலமுள்ள பிவிசி குழாய் ஒன்று போதும். அடிப்பாதியில் 2 செ.மீ. இடைவெளியில் துளை போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இறங்கும்படி நட்டு, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள்ளும் வெளியிலும் நீர்மட்டம் ஒன்றாக இல்லையென்றால் துளை அடைத்திருக்கிறது. பிடுங்கிக் கழுவி மறுபடி நடுங்கள். நாற்று நட்ட இரண்டாம் வாரத்திலிருந்து காயவிடலாம். களை மிகுந்த வயலென்றால் மூன்றாம் வாரம்வரை பொறுக்கவும். குழாயின் அடிமண் தெரிந்ததும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். மேலுரமாக இடும் யூரியாவைப் பாய்ச்சுவதற்குச் சற்று முன் போட்டால் தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்கும். பூக்கும் முன் ஒரு வாரமும் பூத்தபின் ஒரு வாரமும் காயவே விடக்கூடாது, பதராகிவிடும்.

இவ்வளவு எளிதான முறை ஏன் பரவவில்லை? வயல்விட்டு வயல் பாயும் இடத்தில் ஒருவர் மட்டும் தன் வயலைக் காயவிட முடியாது. மேல்வயலை அடைத்தால் கீழ்வயல் வாடும். கீழ்வயலுக்கு விட்டால் மேல்வயல் காயாது. ஒரே மடையில் ஒருவர் குறுகிய நாள் நெல் ரகமான அம்பை 16 நட்டு, பக்கத்து வயல்காரர் நீண்ட நாள் ரகம் நட்டால் பூக்கும் நாளும் மாறிப்போகும். ஆகவே திட்டமும் மானியமும் தனி விவசாயிக்கு அல்ல, மடைக்குத்தான் போக வேண்டும்: ஒரே வாரத்தில் நடவு, ஒத்த வயதுள்ள ரகம், வயலோரம் ஒரு சிறு வாய்க்கால். முறைத் தண்ணீர் வருவதற்குள் குழாய் வற்றிவிடும் மணற்பாங்கான வயலில் இதைச் செய்யவே வேண்டாம்.

பிசானப் பருவ நெல்லை அறுத்த நிலத்தில் பசுந்தாள் உரச் செடியான கொழிஞ்சியை விதைப்பது பழைய வழக்கம். ஆடு மாடு கடிக்காது என்பதால் காவல் தேவையில்லை. விதைத்தோல் கடினமானது, மணலோடு சேர்த்துத் தேய்க்காமல் விதைத்தால் பாதி முளைக்காது. மடக்கி உழுதால் யூரியாச் செலவு குறையும், ஆற்றுக்குத் திரும்பும் வடிகாலில் உர உப்பும் குறையும்.

குளத்துப் பாசனத்தில் வண்டல்தான் செல்வம். தாசில்தார் அனுமதியோடு நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டரும் புன்செய்க்கு 90 கன மீட்டரும் கட்டணமின்றி எடுக்கலாம். கரையடியைத் தோண்டினால் கரை உடையும். வண்டலுக்குக் கீழே களிமண் படுகையையும் வாரிவிட்டால் தண்ணீர் தங்காது. பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தில் பறவை எச்சம் கலந்த தண்ணீரும் வண்டலுமே வயலுக்கு உரம். அங்கே பறவையைக் காப்பதும் வயலைக் காப்பதும் ஒரே வேலை.

கிணற்றுப் பாசனம் நடக்கும் ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் நிலைமை வேறு. சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம் கிடைக்கிறது. ஆனால் மிஞ்சிய தண்ணீரைக் கொண்டு இன்னும் இரண்டு ஏக்கர் தென்னை வைத்தால் நிலத்தடி நீர் முன்னைவிட வேகமாக இறங்கும். கடலோரத்தில் அப்படி இறங்கினால் உவர்நீர் ஏறும், பிறகு தென்னையும் நிற்காது. குழாய் பதிக்கும் முன்பே கோடைக் கடைசியில் கிணறு ஒரு நாளில் எவ்வளவு ஊறுகிறது என்று அளந்து, அதற்கேற்ப ஏக்கரை முடிவு செய்யுங்கள். மிச்சமுள்ள நிலத்தில் முருங்கையோ மானாவாரிப் பயறோ போடலாம்.