22 அடி, ஒரு டேப், திரும்பாத தலை

கேள்வி: இளையோருக்கான நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பள்ளி 4×100 ரிலே (நான்கு பேர் ஆளுக்கு 100 மீட்டர் ஓடி, பேட்டன் என்ற குச்சியைக் கைமாற்றும் ஓட்டம்) அணியில் இரண்டாவதாக ஓடுகிறவனுக்கும் மூன்றாவதாக ஓடுகிறவனுக்கும் இடையே அரும்பும் காதல்தான் கதை. இருவருக்கும் வயது 17. படித்த நண்பர்கள், "ஓட்டம் தனியா நிக்குது, காதல் தனியா நிக்குது" என்கிறார்கள். எங்கே பிசகுகிறது? மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் பையன்கள் மைதானத்தில் ஓடுகிறார்கள், காதலிக்க மட்டும் காலி வகுப்பறைக்குப் போய்விடுகிறார்கள். ரிலேவை எடுத்துவிட்டு சதுரங்கத்தை வைத்தாலும் கதையில் ஒரு வரி மாறாது. அதுதான் பிசகு. கையில் இவ்வளவு நல்ல விளையாட்டை வைத்துக்கொண்டு அதைப் பின்னணிப் படமாக மாட்டியிருக்கிறீர்கள்.

இரண்டாம் அத்தியாயத்தில் "அவன் திரும்பிப் பார்த்து, விரல்கள் உரச பேட்டனை வாங்கினான்" என்று வருகிறது. ஓடிப் பழகியவர் அந்த வரியிலேயே புத்தகத்தை மூடிவிடுவார். 4×100-ல் வாங்குகிறவன் புறப்பட்டபின் திரும்பமாட்டான். திரும்பினால் வேகம் போய்விடும். விரலும் உரசாது. பேட்டனின் நீளம் 28 முதல் 30 சென்டிமீட்டர், இருவர் கையும் முழுக்க நீண்டிருக்கும். நல்ல கைமாற்றத்தில் இருவருக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மீட்டர் இடைவெளி இருக்கும். இரண்டாமவன் இடது கையால் கொடுப்பான், மூன்றாமவன் வளைவில் உள்கோட்டை ஒட்டி ஓட வேண்டும் என்பதால் வலது கையில் வாங்குவான். கொடுக்கிறவனின் "கை!" என்ற குரல் கேட்டதும் வாங்குகிறவனின் உள்ளங்கை பின்னால் போய் ஆடாமல் நிற்க வேண்டும். புதிதாக ஓடுகிறவர்கள் பேட்டனைத் தேடிக் கையை ஆட்டுவார்கள், அங்கேதான் தவறும். தொடாமல், பார்க்காமல், குரலை மட்டும் நம்பிக் கையை நீட்டுவது. இதைவிட நல்ல காதல் காட்சி காலி வகுப்பறையில் கிடைக்காது.

அடி அளக்கும் காட்சி உங்களிடம் இல்லவே இல்லை. வாங்குகிறவன் தான் நிற்கும் இடத்திலிருந்து, கொடுக்கிறவன் வரும் திசையில், குதிகாலோடு விரல் நுனி சேர்த்துப் பாதம் பாதமாக எண்ணிப் போவான். 22 என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தன் லேனுக்குள் ஒரு டேப் ஒட்டுவான் (5 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு மேல் கூடாது). வருகிறவன் அந்த டேப்பைத் தொட்டதும் இவன் புறப்பட வேண்டும். வருகிறவன் எட்டிப் பிடிக்க முடியாமல் போனால் ஒன்றிரண்டு அடி குறைப்பார்கள். மேலே வந்து மோதினால் கூட்டுவார்கள். உங்கள் ஐந்தாம் அத்தியாயச் சண்டைக்குப் பக்கம் பக்கமாக வசனமே வேண்டாம். மறுநாள் அதே 22 அடியில் அவனால் இவனை எட்ட முடியவில்லை. கோச் டேப்பைப் பிய்த்து 20-ல் ஒட்டுகிறார். கோளாறு டேப்பில் இல்லை என்று அந்த இருவருக்கும் வாசகருக்கும் மட்டும் தெரியும்.

பேட்டனை மாற்றி முடிக்க வேண்டிய கைமாற்றப் பகுதி 20 மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழைய விதி. 2017 நவம்பரிலிருந்து 4×100-க்கு 30 மீட்டர்.

இறுதிப் போட்டிக்கு நான்கு நாள் முன்பு நாயகனுக்குப் பின்தொடைத் தசை கிழிகிறது, பிறகு ஓடி ஜெயிக்கிறான். லேசான காயத்துக்கே வாரக்கணக்கில் ஓய்வு வேண்டும். எடுத்துவிடுங்கள். யாரோ ஒளிந்திருந்து போட்டோ எடுத்துப் பரப்புவதையும் எடுத்துவிடலாம், அலுத்துப்போன திருப்பம். கை பிடிப்பதற்கே 150 பக்கம் ஆனாலும் தப்பில்லை, இந்த வயதுக் கதைக்கு அந்தத் தயக்கம்தான் உயிர்.

பேச்சுமொழியில் ஒரு சின்ன விஷயம். இருவரும் கடைசிவரை "மச்சான்" என்றே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். மனசில் ஏதோ மாறிய பிறகு அந்தச் சொல் ஒருவனுக்குத் தொண்டையில் சிக்கும். பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவான். மற்றவன் அதைக் கவனித்துவிட்டு, "என்னடா, புதுசா?" என்று கேட்டால் போதும்.

ஏழாம் அத்தியாயத்தில் பேட்டன் விழுகிறது. உடனே மூன்றாமவன் குனிந்து எடுக்கிறான். எப்போதும் அப்படி இல்லை. பேட்டன் வாங்குகிறவன் கையில் மட்டும் இருக்கும்போதுதான் கைமாற்றம் முடிந்ததாகக் கணக்கு. அதற்குமுன் விழுந்தால் கொடுத்தவன்தான் எடுக்க வேண்டும். எடுத்து, பகுதிக்குள்ளேயே கொடுத்து, மற்ற லேன்காரர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் தொடரலாம்; விழுந்ததற்காகவே அணியை நீக்கமாட்டார்கள். ஆக, யார் குனிகிறான் என்பதை வைத்தே யார் கையிலிருந்து விழுந்தது என்று அரங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். அதை முதலில் முடிவு செய்துவிட்டு ஏழாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதுங்கள். அடுத்த பருவத்தில் இருவரையும் 4×400-க்கு மாற்ற இடமிருந்தால் இன்னும் நல்லது: அதில் வருகிறவன் களைத்துப்போய் வருவான், வாங்குகிறவன் திரும்பி அவன் முகத்தைப் பார்த்துத்தான் வாங்குவான்.