ஸ்காம்பியா சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: மனெத்தி சகோதரர்களின் 'அம்மோரே எ மலவீதா' (2017) பார்த்ததிலிருந்து நேப்பிள்ஸ் ஆசை பிடித்துக்கொண்டது. அக்டோபரில் மனைவியுடன் போகிறேன். படத்தில் வரும், நகரின் வடபுறப் பகுதியான ஸ்காம்பியாவின் அடுக்குமாடிகளைக் காட்டும் 'கமோரா (நேப்பிள்ஸ் மாஃபியா) சுற்றுலா'வுக்கு முகவர் ஒருவர் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார். கட்டலாமா? அங்கே போவது ஆபத்தா?

பதில்: கட்டவே கட்டாதீர்கள். வேலே எனப்படும் அந்தக் குடியிருப்பின் ஏழு கட்டடங்களில் மூன்று 2003க்குள் போய்விட்டன. நான்காவதை இடிக்க 2020 வரை ஆனது. மீதிக்குக் கோப்புகள் மேசை மாறிக்கொண்டிருந்தபோதே, 2024 ஜூலையில் நடைபாலம் இடிந்து விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். மக்களை அவசரமாக வெளியேற்றியது அதற்குப் பிறகுதான். உயிர் போனால்தான் கோப்பு நகரும் போலிருக்கிறது. இதையா காசு கொடுத்து வேடிக்கை பார்ப்பது?

படமே இதைக் கேலி செய்கிறது. வேலேயைப் பார்க்க வந்த பயணியின் பையைப் பறிக்கிறார்கள். பயணிகளோ அசல் அனுபவம் கிடைத்ததென்று பூரித்துப் பாடுகிறார்கள். உங்கள் முகவருக்கு அந்தப் பாட்டை அனுப்பி வையுங்கள்.

பகலில் ஸ்காம்பியா போவதில் பெரிய ஆபத்து இல்லை. மெட்ரோ முதல் தடம் பிஷினோலா-ஸ்காம்பியா நிலையம் வரை போகிறது, வழிகாட்டி தேவையில்லை. பணப்பையைப் பறிகொடுப்பதற்கு ரயில் நிலைய நெரிசலே போதும். டாக்ஸியில் ஏறினால், வண்டி கிளம்பும் முன்பே 'தரிஃபா பிரெதெதெர்மினாத்தா' என்று சொல்லிவிடுங்கள். முக்கியமான தடங்களுக்கு நகராட்சி நிர்ணயித்த கட்டணம் அது. கிளம்பிய பின் கேட்டால் மீட்டர்தான், பேரம் பேச முடியாது. இதைப் பயணிகளிடம் யாரும் சொல்வதில்லை. ஓட்டுநர் ஏன் சொல்லப்போகிறார்?

ஒரே ஒரு விலக்கு: அந்தப் பகுதி மக்களே நடத்தும் அமைப்பு அழைத்தால் தாராளமாகப் போங்கள். அழைப்பவர் அங்கே வசிப்பவரா, பணம் அமைப்புக்குப் போகிறதா, விளம்பரத்தில் துப்பாக்கிப் படம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். துப்பாக்கி இருந்தால் விலகிவிடுங்கள். ஓவியர் ஃபெலிச்சே பிஞ்ஞத்தாரோவும் நண்பர்களும் 1981இல் தொடங்கிய கிரிதாஸ் நல்ல உதாரணம். அதன் புகழ்பெற்ற கார்னிவல் ஊர்வலம் தவக்காலத்துக்கு முன்பு நடப்பது, அக்டோபரில் கிடைக்காது. முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி அனுமதி கேளுங்கள். பதில் வராவிட்டால் அழையா விருந்தாளியாகப் போய் நிற்க வேண்டாம். பிஞ்ஞத்தாரோவின் சுவரோவியங்களைத் தெருவிலேயே பார்க்கலாம். குடியிருப்பவர்களின் ஜன்னல்களை மட்டும் படம் எடுக்காதீர்கள்.